மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஏரி

எண்பத்திரண்டாம் வருடம், ஜூன் மாதக் கடைசி. குலு பள்ளத்தாக்குக்கு மேலே, மரங்களெல்லாம் முடிந்துபோய் வெறும் புல்லும் பாறையும் பூவுமாக இருக்கிற உயரத்தில் நடந்தது இது. ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குப் புரியாது. நெய்வேலியின் மண்மேட்டிலிருந்துதான் சொல்லியாக வேண்டும்.

அப்போது பி.எஸ்ஸி. பரீட்சை எழுதிவிட்டு ரிசல்டுக்குக் காத்திருந்தேன். சும்மா இருக்கத் தெரியாத பெண் என்று எங்கள் பிளாக்கில் எனக்குப் பெயர். பரீட்சைக்கு முன்பே, கல்லூரி அறிவிப்புப் பலகையில் 'இமயமலையில் மலையேற்ற முகாம், மாணவிகளும் சேரலாம்' என்ற தாளைப் பார்த்த அன்றே என் பெயரைக் கொடுத்தேன். கூடவே என் தோழியின் பெயரையும், அவளைக் கேட்காமலே. அவள் வீடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நேர் பின்புறம். இரண்டு தோட்டத்துக்கும் நடுவிலிருந்த வேலியில் நாங்கள் நுழைந்து நுழைந்தே ஒரு வழி விழுந்திருந்தது. விஷயம் தெரிந்ததும் அந்த வழியாகவே வந்து, "எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். என் பேரை எதுக்குடி குடுத்த?" என்று சண்டை போட்டாள். அடுத்த வாரம் அவளே அவள் அப்பாவிடம் அழுது அனுமதி வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

முதுகில் சுமையோடு மேடு ஏறிப் பழகிவிட்டு வாருங்கள் என்று முகாமிலிருந்து சொல்லியிருந்தார்கள். நெய்வேலியில் மேட்டுக்கு எங்கே போவது? ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி இருக்கும் ஊர். இருந்த ஒரே மலை, சுரங்கத்திலிருந்து தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடுதான். பழைய மேடு ஒன்றில் புல் முளைத்து, முள்மரம் வளர்ந்திருந்தது. தோள்பையில் செங்கற்களைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் அதில் ஏறுவோம், இறங்குவோம், மறுபடி ஏறுவோம். அங்கே ஆடு மேய்க்கும் ஓர் அக்கா இதைச் சில நாள் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மா இது, மூட்டயத் தூக்கினு ஏறுறீங்க, அதே மூட்டயத் தூக்கினு எறங்குறீங்க. கான்ட்ராக்டா, பர்மனெண்டா?"

என் தோழி மூச்சிரைக்க, "பர்மனெண்டுதாங்க்கா" என்றாள். பனிமலைக்கு நடுவில் ஓர் ஏரி இருக்கிறது, அதைப் பார்க்கப் போகப் பழகுகிறோம் என்று நான் விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் ஆடுகள் திரும்பிப் பார்த்தன. "ஏரி பாக்கவா? சேத்தியாத்தோப்பு பஸ்ஸுல ஏறுனா ஏரிக்கரையிலயே எறக்கி வுட்டுருவானே. இதுக்கா செங்கல்லு சொமக்குறீங்க?"

இங்கே என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். எங்கள் ஊர் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்துக்குள் வேலை நடக்கும். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து எதிரே நிற்கும்வரை அப்பா இடத்தைவிட்டு நகர மாட்டார். ஆள் வராவிட்டால் அந்த ஷிப்டும் அவரே. ஒரு தீபாவளிக்கு எண்ணெய்க் கிண்ணம் மத்தியானம்வரை கூடத்திலேயே காத்திருந்தது. "கல்யாணத்துக்கே ரிலீவர் வந்ததாலதான் உங்கப்பா வந்தாரு" என்று அம்மா சொல்வாள். நாங்கள் சிரிப்போம். சிரித்தாலும், ஆள் மாற்ற வரும்வரை இடத்தை விடக்கூடாது என்பது எங்கள் வீட்டில் பல் தேய்ப்பது மாதிரி ஊறிப்போன விஷயம்.

ரயில், பஸ், பிறகு நடை. நடந்த நாட்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். ஒன்று மட்டும். மரங்கள் முடிந்து புல்வெளி திறந்த இடத்தில் நாங்கள் இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். பூ, பூ, கால் வைக்க இடமில்லாமல் பூ. ஒன்றுக்கும் பெயர் தெரியாது. நெருஞ்சிப் பூவின் மஞ்சள், தும்பையின் வெள்ளை, சங்குப்பூவின் நீலம் என்று எங்கள் ஊர்க் கணக்கில் சொல்லிக்கொண்டோம். எல்லாம் தரையோடு தரையாக, குளிருக்கு ஒடுங்கிக்கொண்டு மலர்ந்திருந்தன. பனி உருகிய தண்ணீர் அவற்றின் நடுவே சத்தமில்லாமல் ஓடியது. பூட்ஸ் காலோடு மிதிக்கவே கூச்சமாக இருக்கிறது என்று என் தோழி அதைக் கழற்றப் பார்த்து, பயிற்சியாளரிடம் திட்டு வாங்கினாள். ஏரியைச் சுற்றி இதைவிட அதிகம் இருக்கும் என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு ஏரியைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ஏரிக்குப் போகும் நாளில் காலையிலேயே அவள் முகம் சரியில்லை. தலைவலி என்றாள். கடைசி மேட்டுக்குக் கீழே வரும்போது வாந்தி எடுத்து, ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. பயிற்சியாளர் நாடியும் கண்ணும் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இதற்குமேல் ஏறக்கூடாது, யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். எதற்கும் முதலில் கை தூக்குகிற பழக்கம். மேலே போய்ச் சேர்ந்ததும் உதவியாளர் ஒருவரைத் திருப்பி அனுப்புகிறேன், அவர் வந்து உட்கார்ந்ததும் நீ ஏறி வந்துவிடு என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை நடத்திக்கொண்டு போனார். ஏரி அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம்தான். எங்கள் மண்மேட்டைவிட ஒன்றும் பெரிய ஏற்றம் இல்லை. அவர்கள் உச்சியில் போய் மறைந்ததும் "ஓ" என்று ஒரு கூச்சல் கேட்டது. ஏரியைப் பார்த்துவிட்டார்கள்.

நான் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. அவள் கொஞ்சம் தூங்கினாள். எழுந்து தண்ணீர் குடித்து, இரண்டு பிஸ்கட் தின்றாள். முகத்தில் தெளிச்சி வந்திருந்தது.

"இப்ப வலி போயிடுச்சுடி. நீ போயிட்டு வா."

"ஆள் வரட்டும்."

"நான் எங்க ஓடிப்போகப் போறேன்? இந்தப் பாறையிலதான் இருப்பேன். சத்தம் போட்டா கேக்குற தூரம்."

"ஆள் வந்ததும் போறேன்."

"நான் எப்படியும் ஏற முடியாது. நீ பார்த்துட்டு வந்து ஒண்ணுவிடாம எனக்குச் சொல்லு. நீ பார்த்தா நான் பார்த்த மாதிரிதானே?"

"வருவாங்கடி. பேசாம இரு."

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் அதை அசதி என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மேட்டின் மேல் மேகம் இறங்கியது. முதலில் உச்சி மறைந்தது, பிறகு பாதி மேடு, பிறகு எங்களுக்குப் பக்கத்திலிருந்த பூக்கள்கூட வெறும் நிறமாக மாறிவிட்டன.

மேகத்துக்குள்ளிருந்து எல்லோரும் ஒன்றாகவே இறங்கி வந்தார்கள். போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் மூடிவிட்டதாம். அந்த நிலையில் யாரையும் தனியாக அனுப்ப முடியவில்லை என்று பயிற்சியாளர் என்னிடம் வருத்தப்பட்டுச் சொன்னார். நியாயம்தான். இன்னொரு நாள் தங்க முகாமில் இடமில்லை. ஏரி பாதி பனிக்கட்டியாக இருந்தது, மீதிப் பாதி மயில்கழுத்து நிறம், கரையெல்லாம் மஞ்சள் பூ, தண்ணீரில் ஒரு பாறையின் நிழல் படுத்திருக்கும் யானை மாதிரி தெரிந்தது என்று ஒரு கோயம்புத்தூர்ப் பெண் மூச்சுவிடாமல் சொன்னாள். என் தோழி குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்த கயிற்றை மறுபடி அவிழ்த்துக் கட்டினாள்.

ரயிலில் நாக்பூர் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள். "போடின்னு சொன்னேன்ல. ஏன் போகலை? இப்ப ஊர்ல எல்லாரும் என்னாலதான்னு சொல்லப்போறாங்க."

கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. அவளைக் குறை சொல்லி யாரும் பேசவில்லை, என்னைப் புகழ்ந்தார்கள். எங்கள் பிளாக் முழுக்க, 'தோழிக்காக ஏரியையே விட்டுட்டு வந்த பொண்ணு' என்ற பேச்சு. மார்க்கெட்டில், கோயிலில், பால் பூத்தில், அவள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்கள். அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள். பிறகு பக்கத்தில் நிற்பதைக் குறைத்தாள். பிறகு வேலி வழியாக வருவதும் நின்றது. அடுத்த மழைக்கு அந்த வழியில் புல் முளைத்துவிட்டது. நான் போய்க் கூப்பிட்டால் வருவாள், பேசுவாள். ஆனால் கடன்பட்டவள் போலப் பேசினாள். என்னைத் திட்டவே இல்லை. என்னைத் திட்டாத என் தோழியை எனக்குப் பழக்கமில்லை.

புகழாத ஒரே ஆள் அப்பாதான். நைட் ஷிப்ட் முடிந்து வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று கேட்டார்.

"அந்தப் புள்ள அப்ப தேறிட்டாதானம்மா?"

"தேறிட்டாப்பா. பிஸ்கட்லாம் சாப்பிட்டா."

"போகச் சொன்னாளா?"

"சொன்னா. ஆள் வராம எப்படிப்பா விட்டுட்டுப் போறது? நீங்க போவீங்களா?"

அவர் இட்லியைப் பிட்டபடியே என்னைப் பார்த்தார். "பம்ப் வாயைத் திறந்து போயிட்டு வான்னு சொன்னா நானும் ஒரு எட்டுப் போயிட்டுதான் வருவேன். அது சொல்லாது. இவ சொன்னாளே" என்றார். பிறகு, "மேகம் வேற வந்துச்சுங்கிறே. போயிருந்தா நீ வழி தவறியிருந்தாலும் தவறியிருப்பே. என்னத்தக் கண்டோம்" என்று அவரே சமாதானமும் சொன்னார். முதலில் சொன்னது மட்டும்தான் என்னுள் தங்கியது. அன்று அந்தப் பாறையில் சாய்ந்திருந்த என் தோழியிடம் எனக்குக் கொடுக்க இருந்தது அந்த 'போயிட்டு வா' ஒன்றே ஒன்று. அதை அவள் நீட்டினாள். நான் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஒரிசாப் பக்கம் இரும்பு ஆலையில் வேலை. நான் அவள் தலையில் பூ வைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, கண்ணாடியில் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "இன்னமும் எல்லார்கிட்டயும் பார்க்கலைன்னுதான் சொல்றியாடி?"

"கேட்டா சொல்வேன்."

"இனிமே பார்த்தேன்னு சொல்லிடு. எனக்காக."

சொல்கிறேன் என்றேன். இந்த ஒரு தடவை மட்டும் உள்ளதை எழுதுகிறேன். அவள் இருக்கும் ஊரில் தமிழ்ப் பத்திரிகை கிடைக்காது என்ற தைரியம்.

கல்யாணம் முடிந்த சில நாளில் வடலூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஆடு மேய்க்கிற அக்கா எதிரே வந்தார். என்னை உற்றுப் பார்த்து, "செங்கல்லு தூக்குற பொண்ணுதான நீ? ஏரியப் பாத்தியாம்மா?" என்றார்.

"பாத்தேங்க்கா" என்றேன். பாதி பனிக்கட்டி, மீதி மயில்கழுத்து, கரையெல்லாம் மஞ்சள் பூ, படுத்திருக்கும் யானை மாதிரி ஒரு நிழல் என்று, கோயம்புத்தூர்ப் பெண் சொன்னதில் ஒன்றுகூட விடாமல் சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கூட வந்துக்கினு இருந்துச்சே, மூச்சு வாங்கினு, அந்தப் பொண்ணு?"

"ரெண்டு பேரும்தாங்க்கா பார்த்தோம்."

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அன்று அவள் போகச் சொன்னபோது போயிருந்தால் அந்தப் பதில் பொய்யாக இருந்திருக்காதே என்ற எண்ணம் மட்டும், ஜன்னலோரம் உட்கார்கிற ஒவ்வொரு பயணத்திலும் இன்றுவரை என்னோடு கூடவே வந்துகொண்டிருக்கிறது.