பியர் விழாவுக்கு ஒரு முறுக்கு மாலை

பியர் விழாவுக்கு என்னென்ன கொண்டுபோகோணும் எண்டு இன்ரநெற்றில தேடின ஆக்களில, ஒரு துளியும் குடிக்காத ஆள் நான் ஒருத்தனாத்தான் இருப்பன். தொப்பி, வெயிலுக்குப் பூசுற கிறீம், உள்ளுக்க போய் நிரப்ப வெறும் தண்ணிப் போத்தில், கால் நோகாத சப்பாத்து எண்டு பக்கம் பக்கமா எழுதி வைச்சிருந்தாங்கள். குடியை விட்டவன் என்னத்தைக் கொண்டுபோறது எண்டு ஒருத்தனும் எழுதேல்லை.

நான் விட்டு அப்ப பதினாலு மாசம். டொக்டர் வெருட்டி விட்டதில்லை. மகளின்ரை பட்டமளிப்பு முடிஞ்சு எல்லாரும் சாப்பிடப் போன இடத்தில, அவளின்ரை சிநேகிதப் பெட்டையளுக்கு முன்னால மேசையில தலையை வைச்சு நித்திரையாப் போனன். மகள்தான் எழுப்பினாள். என்ரை கன்னத்தில ஒட்டிக் கிடந்த சோத்தைத் துடைச்சுவிட்டாள். அடுத்த நாளே விட்டன்.

மனிசி நம்பேல்லை. அவவில பிழை சொல்ல ஏலாது, அதுக்கு முதலும் மூண்டு தரம் விட்டுக் காட்டினவன் நான். ஏலக்காய் சப்பிறது, சுவிங்கம் போடுறது, காருக்கை சென்ற் அடிக்கிறது, என்ரை கள்ளம் எல்லாம் அவவுக்கு அத்துபடி. அதால நான் எங்கை போய் வந்தாலும் வாசல்ல வைச்சே, "ஊதுங்கோ" எண்டுவா. நான் அவவின்ரை மூக்குக்கு நேர ஊதோணும். பால் வேண்டப் போய் வந்தாலும் ஊதுறது, கோயிலுக்குப் போய் வந்தாலும் ஊதுறது. கோயில்ல தீர்த்தத்துக்குப் பதிலா விஸ்கியோ குடுக்கிறாங்கள் எண்டு ஒருநாள் நல்லாக் கத்திப்போட்டன். கத்தி முடிச்சிட்டும் ஊதினனான்தான்.

எங்கடை செற் நாலு பேர். பிக்கரிங்கில இருக்கிற அண்ணைதான் தலைவர், மற்ற ரெண்டு பேரும் நான் இந்த நாட்டில வந்திறங்கின வருசமே வந்திறங்கினவங்கள். வருசாவருசம் கோடையில ஏரிக்கரையில நடக்கிற பியர் விழாவுக்கு ஒண்டாப் போறது எங்களுக்கு ஒரு திருவிழா. விட்ட வருசம் நான் போகேல்லை. வீட்டில புல்லு வெட்டினன். அவங்கள் குரூப்பில படம் படமாப் போடப்போட, பக்கத்து வீட்டுக்காரன்ரை புல்லையும் சேர்த்து வெட்டினன். அதுக்குப் பிறகு அவங்கள் ஃபோன் எடுக்கிறதும் குறைஞ்சு போச்சு. குடியை விட்டது சரி, இவங்களையும் ஏன் விடோணும் எண்டு எனக்குச் சரியான விசர். இந்த வருசம் வாறன் எண்டு சொன்னன். நீ வந்து என்னத்தை நக்கப்போறாய் எண்டு அண்ணை கேட்டார். ஆனா சந்தோசமாத்தான் கேட்டார்.

மனிசியிட்டைச் சொன்னன். "போங்கோ. வந்து ஊதோணும்" எண்டா. அவ்வளவுதான் ஒப்பந்தம். இதில சறுக்கினா அஞ்சாந்தரம் விடுறன் எண்டு சொல்ல எனக்கு வாயும் இருக்காது, கேக்க அவவுக்குக் காதும் இருக்காது.

எங்கடை ஆக்கள் பைற்ஸ் இல்லாமல் குடிக்கமாட்டினம். கடிக்க ஒண்டும் இல்லாமல் ஒரு மிடறு உள்ளுக்க போகாது. அண்ணை ரெண்டு கிலோ ஆட்டிறைச்சிப் பொரியல் எண்டார், ஒருத்தன் அவிச்ச முட்டை எண்டான், மற்றவன் மிக்சரும் பொரிச்ச கடலையும் எண்டான். எல்லாம் அண்ணையின்ரை பெரிய கூலரில போறதெண்டு முடிவு. நான் வேலைத்தலத்தில பாதுகாப்புக் கமிட்டியில இருக்கிறவன், சட்டதிட்டம் எண்டா கடைசி வரி வரைக்கும் வாசிக்காட்டி நித்திரை வராது. விழாக்காரர் போட்டிருந்ததையும் வாசிச்சன். வெளிச்சாப்பாடு கொண்டுவரக் கூடாது. அதுக்குக் கீழ ஒரு வரி: கழுத்தில போடுற பிரெற்சல் மாலைக்குத் தடையில்லை. பிரெற்சல் எண்டுறது உப்புப் போட்ட மொறுமொறு பலகாரம். வெள்ளையள் அதை நூலில கோத்துக் கழுத்தில போட்டுக்கொண்டு, ஒரு மிடறு குடிக்கிறது ஒரு கடி கடிக்கிறதாம். அண்ணைக்கு ஃபோன் அடிச்சுச் சொன்னன். உதெல்லாம் சும்மா எழுதி வைக்கிறது, எங்களை ஆர் பாக்கப்போறான் எண்டு ஃபோனை வைச்சார்.

மாலை எண்டதும் எனக்கு ஒண்டு பளிச்செண்டு பிடிபட்டுது. மனிசி ஆஞ்சநேயருக்கு வடைமாலை கட்டுறதில விண்ணி. இஞ்சரும், எனக்கும் ஒண்டு கட்டித் தாருமன் எண்டன். அவவுக்கு வந்த கோவம்! அனுமாருக்குப் போடுறதைப் பியர் குடிக்கிற இடத்தில போட்டுக்கொண்டு நிக்கப்போறியளோ எண்டு அகப்பையைத் தூக்கிப்போட்டா. சரி, வடை வேண்டாம், முறுக்கு எண்டு இறங்கி வந்தன். அவ அகப்பையை எடுத்துக் கழுவத் துடங்கிற்றா. நானே கடை முறுக்கு ஒரு பை வேண்டி வந்து கோத்தன். எல்லாம் உடைஞ்சு மேசை நிறைய நொறுங்கல். மனிசி வந்து பாத்தா. பிறகு ஊசியைப் பறிச்செடுத்தா. மாவைக் குழைச்சு, நடுவில பெருவிரல் போற அளவுக்கு ஓட்டை விட்டு வளையம் வளையமாப் பிழிஞ்சு, தடிப்பாப் பொரிச்சு, சாக்குத் தைக்கிற ஊசியில ரெட்டை நூல் போட்டுக் கோத்தா. நெஞ்சைத் தாண்டித் தொப்புள் மட்டும் தொங்கிச்சுது. உறைப்புத் தூக்கலாப் போட்டிருக்கிறன், வாய் எரிஞ்சா தண்ணியைக் குடியுங்கோ எண்டு மட்டும் சொன்னா.

அப்ப என்ரை பையில இருந்தது இவ்வளவும்தான்: தொப்பி, நாலு வெறும் போத்தில், தலையிடிக் குளிசை, ஒரு சேட். சேட் எனக்கில்லை, அண்ணைக்கு. ஒவ்வொரு வருசமும் தனக்கு மேல ஊத்துவார்.

எங்கடை அஜக்ஸில ட்ரெயின் ஏறேக்கையே சனம் திரும்பிப் பாத்துது. பிக்கரிங்கில அண்ணை கூலரை இழுத்துக்கொண்டு ஏறினார். என்ரை கழுத்தைப் பாத்து, எடேய் உதென்ன கோலம், கலியாண மாப்பிளையோ எண்டு யூனியன் ஸ்ரேசன் வரும்வரைக்கும் சிரிச்சார். மற்ற ரெண்டு பேரும் வழியில ஏறித் தங்கடை பங்குக்குச் சிரிச்சாங்கள். வாசல் வரட்டும் எண்டு இருந்தன்.

வாசல் வந்துது. காவலுக்கு நிண்ட பொம்பிளை கூலரைத் திறந்து, மூடி, கையை விரிச்சா. அண்ணை மருந்து எண்டு பாத்தார், சுகர் எண்டு பாத்தார். ரெண்டு கிலோ ஆட்டிறைச்சியை மருந்தெண்டா ஆர் நம்புவினம்? கொட்டு, இல்லாட்டி வெளியில நிண்டு சாப்பிடு எண்டிட்டா. அடுத்தது நான். என்ரை மாலையை மேலயும் கீழயும் பாத்தா. விரலால ஒரு முறுக்கைத் தொட்டா. நல்லாயிருக்கு, நீ போ எண்டா. உள்ளுக்க நிண்டு கம்பிக்குள்ளால திரும்பிப் பாத்தன். எங்கடை தலைவர் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில நிண்டு அவிச்ச முட்டை விழுங்கிக்கொண்டு நிண்டார். கடவுளே, பதினாலு மாசத்தில அப்பிடி நான் சிரிச்சதில்லை.

எனக்குக் குடிக்காத ஆக்களுக்கான ரிக்கெற், கையில செம்மஞ்சள் பட்டி. கூலரைக் காலியாக்கிப்போட்டு உள்ளுக்க வந்தவங்கள் ரெண்டாவது கப்போடையே கடிக்க ஒண்டும் இல்லாமல் தவிக்கத் துடங்கிற்றாங்கள். பிறகென்ன, மூண்டு பேரும் என்னைச் சுத்திச் சுத்தித்தான் வந்தாங்கள். மிடறு குடிக்கிறது, என்ரை நெஞ்சில கைவைச்சு ஒரு துண்டு முறிக்கிறது. டேய், உன்ரை மனிசிக்குக் கோயில் கட்டோணும் எண்டு அண்ணை தழுதழுத்தார். முன்பின் தெரியாத வெள்ளையள் வந்து பிரெற்சலைத் தந்து முறுக்கு வேண்டிக்கொண்டு போனாங்கள்.

ஒரு இடத்திலதான் எனக்கு ஆட்டம் கண்டுது. அவங்கள் கக்கூஸ் வரிசைக்குப் போகேக்கை குடிச்சு முடிக்காத ரெண்டு கப்பை என்ரை கையில தந்திட்டுப் போனாங்கள். குளிர்ந்த கப். நுரை விளிம்பில நிண்டுது. வெயில் வேற. எனக்கு வாய் ஊறிச்சுது, பொய் சொல்லேல்லை. ஒரு வாய் உறிஞ்சினா இஞ்சை ஆருக்குத் தெரியப்போகுது எண்டு கை தானா மேல வந்துது. அந்த நேரம் பாத்து ஒரு பெட்டை வந்து இதென்ன சாமான், ஒண்டு தருவியோ எண்டு கேட்டாள். ரெண்டு கையிலயும் கப், நீயே எடு எண்டன். ரெட்டை நூல், முறுக்கு லேசில வரேல்லை. அவள் இழுக்க இழுக்க என்ரை பிடரியில நூல் அறுத்துது. மனிசி முடிச்சுப் போட்ட இடம். கப்பைக் கீழ இறக்கினன். அவங்கள் வந்து கப்பைத் திருப்பி வேண்டும்வரைக்கும் அசையாமல் நிண்டு, பிறகு போத்தில் தண்ணியை ஒரே மூச்சில குடிச்சன்.

பின்னேர ட்ரெயினில மூண்டும் ஆளுக்காள் சாய்ஞ்சு கிடந்துதுகள். நான் தண்ணி குடுத்தன், குளிசை குடுத்தன், அண்ணைக்குச் சேட்டும் மாத்திவிட்டன். இறங்கேக்கை அவர் என்ரை தோளைப் பிடிச்சு, "வாற வருசமும் நீ வரோணும்" எண்டார். முறுக்குக்காகச் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும்.

வீட்டு வாசல்ல நல்ல வெயில். கழுத்தில ஒரே ஒரு முறுக்கும் நாலைஞ்சு பிரெற்சலும் மிச்சம். சப்பாத்தைக் கழட்டமுதல் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு பெல்லை அடிச்சன். மனிசி திறந்தா. என்ரை முகத்தைப் பாத்தா. கிட்ட வந்து, மாலையைத் தலைக்கு மேலால கழட்டி எடுத்து, மிச்சமிருந்த முறுக்கை முறிச்சு வாயில போட்டா.

"வாற வருசம் நாலு மாலையா கட்டோணும்?" எண்டு கேட்டுக்கொண்டு குசினிக்குப் போயிட்டா.

ஊதச் சொல்லேல்லை. பிடிச்சு வைச்ச மூச்சை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நான் வாசல்லயே நிண்டன்.