நேற்றைய குழி

வலது காலணியை மட்டும் கழற்றிவிட்டு, கொம்போ மசேமோ குதிகாலைப் புல்லின்மேல் வைத்து அழுத்துகிறார். கண்கள் மூடியிருக்கின்றன. குதிகால் மெதுவாக ஒரு வட்டம் போடுகிறது. எங்கோ நூலளவு மேடு தட்டுப்பட்டிருக்க வேண்டும். மண்டியிட்டு உள்ளங்கையால் அந்த இடத்தை அமுக்குகிறார். எழுந்து, மறுபடி குதிகால். இப்போது சரியாக இருக்கிறது. காலணியைத் திரும்ப மாட்டத்தான் நேரம் ஆகிறது. முழங்கால் மடங்க மறுக்கிறது.

மொம்பாசா பக்கத்தில் எங்கள் கடற்கரை விடுதியின் கோல்ஃப் மைதானத்தில் அவருக்குக் குழி மாற்றும் வேலை. ஒட்ட வெட்டிய புல்வட்டங்கள், கிரீன் என்பார்கள், பதினெட்டு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பந்து விழ ஒரு குழி. அது தினமும் வேறிடத்தில் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இருந்தால் மிதிபட்டு அந்தப் புல் செத்துவிடும். இரும்புக் குழல் போன்ற வெட்டியைப் புதிய இடத்தில் அழுத்தித் திருகினால், புல்லும் வேருமாக ஓர் உருளை மண் அதற்குள் ஏறி வரும். பழைய குழியிலிருந்து வெள்ளை டப்பாவைப் பிடுங்கிப் புதியதில் இறக்கிக் கொடியை நட்டுவிட்டு, வெட்டிக்குள் இருக்கும் உருளையால் பழையதை மூட வேண்டும். மூடிய தடம் காலுக்குத் தெரியக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக, வெள்ளிக்கிழமை தவிர, இதுதான்.

"குழியும் களைச்சுப் போவும் தம்பி" என்பார். "நூறு பேரு வந்து குனிஞ்சு குனிஞ்சு கைய உட்டுட்டுப் போனா நீ தாங்குவியா?"

பன்னிரண்டாவது கிரீனை ஒட்டிச் சவுக்கு மரங்களுக்குக் கீழே என் கடை. இளநீர், தேநீர், எண்ணெயில் பொரித்த மகம்ரி ரொட்டி. ஆட்டக்காரர்கள் வருவதற்கு இடையில் எனக்குப் படிக்க நேரம் கிடைக்கும். அப்படி எதையோ படித்துவிட்டு ஒருமுறை அவரிடம் சொன்னேன்: "அண்ணே, இல்லாத ஒண்ணத் தூக்கி தினம் ஒரு இடத்துல வெக்கிறீங்க."

அவர் வெட்டியை என் கையில் கொடுத்தார். கனத்தில் என் தோள் இறங்கிவிட்டது.

"இல்லாததா? பதினெட்டு இல்லாதத ஒரு காலைல தூக்கிட்டு வா. அப்புறம் உன் புஸ்தகத்தப் படி."

அவர் கோல்ஃப் ஆடியதே இல்லை. மட்டையைத் தொட்டதுகூட இல்லை என்பார். பந்து எங்கே பறக்கிறது என்று தலைதூக்கிப் பார்க்கவும் மாட்டார். ஆட்டக்காரர்களை அவர் எடைபோடுவது, விழுந்த பந்தை எப்படி எடுக்கிறார்கள் என்பதை வைத்து. இரண்டு விரலை நேராக விட்டு எடுப்பவர் மனிதர். மட்டையின் முனையால் நோண்டி எடுப்பவர், குழியின் விளிம்பைச் சிதைப்பவர். எவ்வளவு பெரிய மந்திரியாக இருந்தாலும் "அவன் அம்மா அவனுக்குச் சோறு எடுக்கச் சொல்லிக் குடுக்கல" என்று முடித்துவிடுவார்.

அவரை நல்ல மனிதர் என்று நான் எழுதினால் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள். என் சர்க்கரை டப்பாவில் தயங்காமல் நான்கு கரண்டி அள்ளுவார். கொடியைப் பிடுங்கும் குரங்குகளை அவர் திட்டும் திட்டுக்கு வெளிநாட்டுப் பெண்கள்கூட, மொழி புரியாமலே, திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா மகள் மேஜுமாவை இங்கே ஆட்டக்காரர்களுக்கு மட்டைப் பை தூக்கும் வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். அதைப் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டும் இருக்கிறார். எங்கள் டிகோ ஜனங்களில் தாய்மாமனுக்கு அந்த உரிமை உண்டு. மேஜுமாவுக்கு இப்போது முப்பத்தாறு வயது, மூன்று பிள்ளைகள். வாயும் மாமனின் வாய்தான்.

சமீப காலமாக அவர் களைத்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "நேத்து இருந்த எடத்துல இல்ல" என்பார். அதைச் சொல்லிச் சிரிப்பது மட்டும் நின்றுபோயிருந்தது. புல்லுக்கு மேலதிகாரியாக வந்திருக்கும் வஹோமே மலைநாட்டுக்காரர், படித்தவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். மார்ச் மாதத்தில் கொம்போ ஒரு குழியைக் கிரீனின் ஓரத்துக்கு மிக அருகில் வெட்டிவிட்டார். முதல் எச்சரிக்கைக் கடிதம். மே மாதத்தில் ஒன்பதாவது கொடியைப் பத்தில் நட்டுவிட்டார், இரண்டாவது. மூன்றாவதற்குக் கடிதம் கிடையாது, கணக்கு முடித்து அனுப்புவதுதான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். இரண்டு கடிதங்களையும் அவர் சட்டைப் பையில் மடித்தே வைத்திருந்தார். வேர்வையில் எழுத்து ஊறி மறுபக்கம் தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை கூசி என்னும் தெற்குப் பருவக்காற்று கடலிலிருந்து உப்பை அள்ளி இறைத்துக்கொண்டிருந்தது. வெயிலுக்கு முந்திவிட நினைப்பவர்கள் கடலோரப் பாதியில், பத்தாவதிலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள். கொம்போவும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார். பன்னிரண்டில் புதுக் குழி வெட்டி, டப்பாவை மாற்றி, கொடியை நட்டு, எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நின்றபடியே அவர் கண் சொக்குவது எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, டீ ஆறுது. வந்து குடிச்சிட்டுப் போங்க."

கூப்பிட்டது நான்.

வெட்டியைப் புல்லில் சாய்த்துவிட்டு வந்தார். நான்கு கரண்டி சர்க்கரை. ஒரு மகம்ரியைத் தேநீரில் தோய்த்து, சுரத்தில்லாமல் மென்றார். பிறகு போய் வெட்டியை எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு பதின்மூன்றாவதைப் பார்க்க நடந்தார். நான் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் குதிகால் வைத்துப் பார்த்தாரா என்று கவனிக்கவில்லை.

ஏழரை மணிக்கு ஹரிலால் வோரா வந்தார். மொம்பாசாவில் இரும்புக்கடை வைத்திருந்தவர், எழுபத்தொரு வயது. கூட ஆடும் நண்பர் போன வருடம் இறந்த பிறகு தனியாகத்தான் ஆடுகிறார். பை தூக்க எப்போதும் மேஜுமாதான் வேண்டும். பன்னிரண்டாவது குட்டையான ஆட்டம். அடிக்கும் மேட்டிலிருந்து கொடி வரை நூற்று முப்பது கெஜம். முப்பத்தெட்டு வருடமாக ஆடுகிறார். ஒரே அடியில் குழியில் போட்டதில்லை. அதை அவரே என் கடையில் உட்கார்ந்து பலமுறை சொல்லியிருக்கிறார். "செத்தா நெஞ்சு வேகாதுப்பா, இது ஒண்ணு பாக்கி" என்பார்.

அடித்தார். காற்று பந்தை வலப்பக்கம் தள்ளியது. பந்து கிரீனின் விளிம்பில் விழுந்து, ஒருமுறை குதித்து, சரிவில் உருண்டு, கொடிக்கு அருகில் சட்டென்று காணாமல் போனது.

மேட்டிலிருந்து ஒரு கூச்சல். கிழவர் தொப்பியை எடுத்து வானத்தில் எறிந்தார். அதைக் காற்று கொண்டுபோனது. மேஜுமா பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். கொடியடியில் எட்டிப் பார்த்தாள். வெள்ளை டப்பா காலியாக இருந்தது. நான்கு எட்டு தள்ளி, டப்பா இல்லாமல் வெறும் மண்சுவரோடு வாயைத் திறந்துகொண்டு நேற்றைய குழி இருந்தது. அவள் அதற்குள் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பதின்மூன்றாவது பக்கம் பார்த்தாள்.

கொம்போ வந்துகொண்டிருந்தார். பதின்மூன்றாவதில் வெட்டியை மண்ணில் அழுத்தியபோது அது இறங்கவில்லையாம். உள்ளே பன்னிரண்டாவதின் உருளை அப்படியே இருந்திருக்கிறது. வெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். ஓட்டம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். அவர் வந்து சேர்ந்தபோது பந்து மேஜுமாவின் கையில் இருந்தது. ஹரிலால் சரிவில் பாதி தூரம்தான் இறங்கியிருந்தார். அந்தத் தூரத்திலிருந்து இரண்டு குழிகளைப் பிரித்துப் பார்க்கும் கண் அவருக்கு இல்லை.

என் கடையிலிருந்து அவர்கள் பேசியது தெளிவாகக் கேட்டது.

"மாமா, பேசாம நில்லுங்க. நான் இத கொடி இருக்குற குழில போட்டுடறேன்."

"போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப எடுத்த எடத்துல வை."

"மூணாவது தடவ மாமா! வஹோமே உடவே மாட்டாரு."

"தெரியும்."

"என்ன தெரியும்? வெட்டில இருக்குற மண்ண அவசரமா இதுல அமுக்குங்க, நான் மறைச்சு நிக்கிறேன். அந்தக் கிழவருக்கு சந்தோசம், உங்க வீட்ல அடுப்பு எரியும். யாருக்கு நட்டம்? சொல்லுங்க, யாருக்கு நட்டம்?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். யாருக்கு நஷ்டம் என்று உண்மையிலேயே யோசிப்பதுபோல் தெரிந்தது.

"எது குழின்னு சொல்றது என் வேல" என்றார் கடைசியில். "உன் வேல பை தூக்குறது. அதையும் அங்கயே போட்டுட்டு வந்திருக்க. வை."

மேஜுமா பந்தை மண்குழிக்குள் எறிந்தாள். 'தொப்'பென்று விழுந்தது. "பிடிவாதம் புடிச்ச கெழம்" என்றாள். கண் நிறைந்திருந்தது. பையை எடுக்கத் திரும்பி நடந்தாள்.

ஹரிலால் வந்தார். வெறுந்தலையில் நாலு மயிர் காற்றில் நின்றன. "விழுந்துச்சு இல்ல? நான் பாத்தேன்! எனக்கே தெரிஞ்சுது!"

"விழுந்துச்சு ஐயா" என்றார் கொம்போ. "ஆனா அது நேத்திக்குக் குழி. மூட மறந்துட்டேன்."

கிழவர் குனிந்து பார்த்தார். கொடியைப் பார்த்தார். மறுபடி குழியைப் பார்த்தார். ஒரு நண்டு மணல்பக்கம் ஓடி மறைந்தது.

"நேத்திக்குக் குழியா..."

"ஆமாங்க ஐயா."

"நேத்தே வந்திருக்கலாம் நான்" என்றார் ஹரிலால். "இடுப்பு வலின்னு படுத்துட்டேன்."

இரண்டு விரலை நேராக விட்டுப் பந்தை எடுத்தார். விதிப்படி அதைப் பக்கத்தில் வைத்து, புதுக் குழியை நோக்கித் தட்டினார். உருண்டு தாண்டிப் போனது. இன்னொரு தட்டு. அட்டையில் மூன்று என்று எழுதிக்கொண்டார். போகும்போது கொம்போவின் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டு நடந்தார். கொம்போ மண்டியிட்டு உருளையை இறக்கினார். அரை மணி நேரக் காற்றில் அதன் ஓரங்கள் உலர்ந்திருந்தன. என்னிடம் தண்ணீர் கேட்டு வாங்கி, கைகளால் தெளித்து, அமுக்கி மூடினார். பிறகு மீதிக் கிரீன்களைப் பார்க்கப் போனார்.

ஹரிலால் புகார் செய்யவில்லை. ஆட்டம் முடிந்ததும் விடுதியின் கூடத்தில் நான்கு பேரிடம் இதைக் கதையாகச் சொன்னார், தன்னையே கேலி செய்துகொண்டு. நன்றாகச் சொல்லியிருக்கிறார், எல்லோரும் சிரித்தார்களாம். சிரித்தவர்களில் மேலாளரும் ஒருவர்.

பதினொரு மணிக்கு வஹோமேயின் சிறு வண்டி என் கடைக்கு முன்னால் நின்றது. கொம்போவை அங்கே வரச் சொல்லியிருந்தார்.

"உண்மையா பெரியவரே?"

"உண்மைதான்."

"எப்படி ஆச்சு? யாராவது கூப்பிட்டாங்களா, போன் வந்துச்சா? ஏதாவது சொல்லுங்க. நான் எழுதணும்ல."

நான் ஒரு கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. கொம்போ என் பக்கம் திரும்பவே இல்லை.

"மறந்துட்டேன்."

வஹோமே நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவரும் தூங்கியவராகத் தெரியவில்லை. "ரெண்டு தடவ என் மேசையோட முடிச்சேன். இது மேல போயிடுச்சு. இனி என் கைல இல்ல." கையை நீட்டி, "வெட்டியக் குடுத்துடுங்க" என்றார்.

கொம்போ வெட்டியின் வாயில் ஒட்டியிருந்த மண்ணைச் சட்டை நுனியால் துடைத்தார். கைப்பிடி வஹோமே பக்கம் வரும்படி திருப்பி நீட்டினார். வஹோமே வாங்கியபோது அவர் தோளும் இறங்கியது.

"மத்தியானத்துக்குள்ள ஆபீஸ் வந்து கையெழுத்துப் போட்டுடுங்க."

வண்டி போய்விட்டது. நான் தேநீர் ஊற்றி, சர்க்கரை டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, வாசலுக்குப் போகும் சவுக்குப் பாதையில் நடந்தார். பத்துப் பதினைந்து எட்டு போயிருப்பார். நின்றார். திரும்பி கிரீனுக்கு வந்தார்.

குனிந்து, கஷ்டப்பட்டு, வலது காலணியைக் கழற்றினார். காலையில் மூடிய இடத்தில் குதிகாலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். குதிகால் ஒரு வட்டம் போட்டு, இடது ஓரத்தில் நின்றது. மெல்ல மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அங்கே ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கினார்.