மூன்றாவது மடிக்கணினிக்குக் காது இருந்தது

எங்கள் வீட்டுக்கு இதுவரை மூன்று மடிக்கணினிகள் வந்திருக்கின்றன. மூன்றையுமே நான் நம்பியதில்லை. சும்மா கிடைக்கிற பொருளையும் சல்லிசாகக் கிடைக்கிற பொருளையும் திருப்பிப் பார்க்காமல் வாங்கி வைக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. கடையில் முட்டை வாங்கினால்கூடக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். "இவ கையில வந்து சேர்றதுக்குள்ள பொருளுக்கே அலுத்துப்போயிரும்" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்குக் கோயமுத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை. கீழே பட்டறை, மேலே வீடு. நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுகிறவர், மற்ற எல்லாவற்றையும் நம்பிவிடுவார்.

முதல் மடிக்கணினி என் நாத்தனாருக்கு வந்தது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அந்த மடிக்கணினியில் கனத்துக்குக் குறைவில்லை, எனக்குப் பயத்துக்கும் குறைவில்லை. வயசுப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தால் நானும் ஒரு முறம் சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். அவளோ தன் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்து, அதற்குக் கலர் மாற்றிக்கொண்டிருப்பாள். வீட்டில் அப்போது இணைய இணைப்பே கிடையாது. யாரையும் பார்க்காத, யார் பேச்சையும் கேட்காத சாதுப் பெட்டி அது என்று எனக்குப் புரிவதற்குள் நிறைய வெங்காயம் உரித்துவிட்டேன். அவள் உடுமலைப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது அதை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். இன்னமும் பரணில் இருக்கிறது. வயரைச் சொருகினால் எரிகிறது.

இரண்டாவது, கொரோனா சமயத்தில் எங்கள் மூத்தவனுக்காக வாங்கியது. சோப்பு டப்பா மாதிரி பிளாஸ்டிக்கில் இருந்தது. முதலாவதில் பாதிகூடக் கனம் இல்லை. விலையும் அப்படித்தான். வாங்கிய கொஞ்ச நாளிலேயே மூடியின் கீல் உடைந்தது. வீட்டுக்காரர் பட்டறையில் ஒரு இரும்புப் பின் கடைந்து போட்டார். மடிக்கணினி போனாலும் அந்தப் பின் போகாது. ஆனால் இதற்குக் கண் இருந்தது. வகுப்பு நடக்கும்போது இந்தப் பக்கம் அடுப்படி, அந்தப் பக்கம் கொடியில் காயும் துணி எல்லாம் முப்பது வீட்டுக்குத் தெரிந்தது. வகுப்பு முடிந்தபிறகும் அந்தக் கண் மூடுமா, மூடாதா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன் மேல் ஒட்டிவிட்டேன். அடுத்த நாள் மிஸ் போன் செய்து, "உங்க பையன் மொகமே தெரியலீங்க, ஒரே செவப்பா இருக்குதுங்க" என்றார். அன்றிலிருந்து வகுப்புக்கு முன்னால் பொட்டை எடுப்பேன், முடிந்ததும் புதுசு ஒன்று ஒட்டுவேன். பையனின் படிப்புக்கு ஆன செலவில் பொட்டுச் செலவும் ஒன்று.

மூன்றாவது இந்த வருஷம் வந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கிற எங்கள் சின்னவளுக்கு. அவளுடைய பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கம்பெனிக்காரர் ஒருவர் அதைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டுக் காட்டினார். உடையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும், உள்ளே ஏதாவது இருந்தால்தானே உடைவதற்கு என்று தோன்றியது. "வெல ஏனுங்க இத்தன கம்மி?" என்று எழுந்து கேட்டேன். "கொழந்தைங்களுக்காகங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் சந்தேகம் இரட்டிப்பானது.

இது பேசும். பாடத்தைச் சொல்லிக் கேள்வி கேட்கும். பிள்ளை வாயால் பதில் சொன்னால் கேட்டு மார்க் போட்டு, மார்க்கை நேராகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடும். கோயமுத்தூர் ஜங்ஷனில் ரயில் வருவதை அறிவிக்கிற குரல் மாதிரி, அவசரமே இல்லாத ஒரு பெண் குரல். சின்னவள் முதல் நாளே அதற்கு ‘மிஸ்’ என்று பெயர் வைத்துவிட்டாள். கண்ணுக்குப் பொட்டு ஒட்டினேன். காது எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன், கடைசிவரை கிடைக்கவில்லை.

முழுப் பரீட்சை நெருங்கியபோது பள்ளிக்கூடத்து மிஸ் என்னைக் கூப்பிட்டார். "கிளாஸ்ல கேட்டா நல்லாத்தானுங்க சொல்றா. ஆனா ரிப்போர்ட்ல எல்லாமே தப்புன்னு வருதுங்க. இப்பிடியே இருந்தா அடுத்த வருசம் அடிப்படைப் பிரிவுல போட்டுருவாங்க" என்றார். அடிப்படைப் பிரிவு என்றால் கூடப் படித்தவர்கள் நான்காம் வகுப்புக்குப் போக, இவள் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு பழைய பாடத்தையே படிக்கவேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி மதிப்பீடு. வீட்டில் அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்தே சொல்லவேண்டியது. அதில் தேறினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

பஸ்ஸில் போனால் எதிரில் வருகிற போர்டையெல்லாம் எழுத்துக் கூட்டாமல் படிக்கிற பிள்ளை அவள். அன்று ராத்திரிச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். "நானு மக்குங்களாம்மா?" என்றாள். என் பிள்ளை மேல் தப்பில்லை, தப்பு வேறு எங்கேயோ இருக்கிறது, கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் சந்தேகம் லேத் சத்தத்தின் மேல். அவள் உட்காரும் நேரத்துக்குப் பட்டறையை நிறுத்தச் சொன்னேன். அவரும் முனகிக்கொண்டே நிறுத்தினார். மார்க் ஏறவில்லை. அதன் காதுக்குள் தூசி அடைத்திருக்குமோ என்று அவர் கம்ப்ரெஸரில் பெட்டி முழுக்கக் காற்று அடித்தார். ஏறவில்லை. இவள் உட்கார்ந்து விளையாடுகிறாளோ என்றுகூட ஒரு நொடி நினைத்துக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அது கேட்டதற்கெல்லாம் என் பிள்ளை சரியாகத்தான் சொன்னாள். அதுதான் தவறு, தவறு என்றது.

அப்புறம்தான் திரையைப் பார்த்தேன். அவள் சொன்னதாக அது எழுதிக் காட்டிய வரிகள் இருந்தன. எட்டு இங்கே. பசு இங்கே. வானம் நீலம் இங்கே. எல்லா வரியிலும் ஒரு இங்கே. இது பாடம் நடத்தவில்லை, நாங்கள் இருக்கிற இடத்தை யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன். சல்லிசு விலைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பதறிப்போய்ப் படிப் பக்கம் திரும்பி, "ஏனுங்க, கொஞ்சம் வாங்க!" என்று அவரைக் கூப்பிட்டேன்.

திரையில் ஒரு புது வரி வந்தது. ஏன் இங்கே கொஞ்சம் வா இங்கே.

அந்த வரியை இன்னொரு தரம் படித்தேன். அவர் மேலே வந்து "என்னாச்சுங்கோ?" என்றார். என்னாச்சு இங்கே என்று எழுதியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ங்க! நாயைத் துரத்தினாலும் ‘அக்கட்டால போங்க’ என்போம் என்று வெளியூர்க்காரர்கள் எங்களைக் கிண்டல் செய்வார்கள். பேச்சில் அது இருப்பதே எங்கள் காதுக்குக் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்து மிஸ் காதுக்கும் கேட்கவில்லை. என் பிள்ளை பெரியவர்களுக்குச் சொல்கிற மாதிரி எட்டுங்க என்றிருக்கிறாள், பசுங்க என்றிருக்கிறாள். அதுவோ அவளை வாய்க்கு வாய் ‘நீ’ என்கிறது. மரியாதை கொடுத்ததற்காக என் பிள்ளைக்கு முட்டை.

அடுத்த நாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொன்னேன். மிஸ் வாயில் கை வைத்துக்கொண்டார். "கம்பெனிக்குச் சொல்றோமுங்க, பாத்துக்கலாமுங்க" என்றார். எங்கள் ஊரில் பார்த்துக்கலாமுங்க என்றால் நடக்காது என்று அர்த்தம். அது தெரியாதவளா நான்? வெள்ளிக்கிழமையைத் தள்ளிவைக்கவும் அவரால் முடியாதாம். ஆகவே பிள்ளையைத்தான் மாற்றவேண்டியிருந்தது.

"கண்ணு, அதுகிட்ட ங்க போடாதே. வெறும் எட்டுன்னு சொல்லு."

"மொட்டையாவுங்களா?" என்று அதிர்ந்துபோய்க் கேட்டாள். மொட்டையாகப் பேசக்கூடாது என்று நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்குச் சொல்லி வளர்த்தவள் நான்தான். பட்டறைக்கு வந்த ஒருவரை ‘வா’ என்று சொன்னதற்குத் தொடையில் கிள்ளியும் இருக்கிறேன்.

அவர் தன் பங்குக்குச் சொன்னார். "அது மெசினு அம்மிணி. நம்ம லேத்து மாதிரி."

"லேத்துக்கு ஆயுத பூசையன்னைக்கு நீங்க பொட்டு வெச்சுக் கும்புடறீங்கல்லங்கப்பா?"

அவர் கீழே இறங்கிப் போய்விட்டார். பட்டறை ஓடுகிற சத்தம் கேட்டது.

இரண்டு நாள் பழக்கினேன். எட்டு என்பாள், வாயை மூடிக்கொண்டு மிச்சத்தை உள்ளுக்குள்ளேயே விழுங்குவாள். தொண்டை ஏறி இறங்குவது தெரியும். "ஒரே ஒரு நாளைக்குத்தான் சாமி, அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க" என்று கெஞ்சினேன். அவங்களாம்! எனக்கே அப்படித்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொழுதோட லேத்தை நிறுத்தினோம். அவளை உட்காரவைத்துவிட்டு நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்தக் குரல் கேட்டது. இவள் பாவாடையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள். பன்னிரண்டு. பசு. நீலம். காவிரி. ஒவ்வொன்றும் அறைந்த மாதிரி வெடுக்கென்று விழுந்தது. சரி, சரி, மிகச் சரி என்றது குரல். கடைசியில் திரை நிறைய நட்சத்திரம் கொட்டியது. நீ தேர்ச்சி பெற்றுவிட்டாய் என்றது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. நான்காம் வகுப்புக்கு அவள் தன் கூட்டாளிகளோடு போவாள். அதே நேரத்தில், அவ்வளவு மொட்டையாகப் பேசிய அந்தக் குரல் என் பிள்ளையுடையதுதானா என்று நெஞ்சு திக்கென்றும் இருந்தது. இனி என்னிடமும் அப்படித்தான் பேசுவாளோ என்று அந்த நேரத்திலும் சந்தேகப்பட்டேன்.

அவள் மூடியைச் சாத்தவில்லை. திரும்பி வாசலைப் பார்த்தாள். நான் இன்னும் கொஞ்சம் மறைவாக ஒதுங்கினேன். யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு கணினிக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"மொட்டையாச் சொல்லிப்போட்டனுங்க மிஸ். மனசுல வெச்சுக்காதீங்க."

"புரியவில்லை. மீண்டும் சொல்" என்றது அது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு ‘ங்க’கூடக் குறைக்காமல் அதையே மறுபடியும் சொன்னாள்.