அம்மன் கோயில் பெயர்ப் பலகையில் துரு

நியென் ஜிங்-தாங் அண்ணனிடம் ஒரு காந்தம் இருந்தது. சாவிக்கொத்தில் தொங்கும், சுண்டுவிரல் நகம் அளவுதான். எங்கள் லேசர் பட்டறைக்குத் தகடு வாங்கப் போகிற இடமெல்லாம் அதை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் மட்டச் சரக்கு. ஒட்டாவிட்டால் முதல்தர எவர்சில்வர். இருபத்தாறு வருடமாக அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. பொறுக்குபவர் அவர், வெட்டுபவன் நான்.

மற்ற உலோகங்களில் மனிதர் கெட்டிக்காரர், இல்லையென்று சொன்னால் என் வாய் வெந்துவிடும். "செம்பு வெளிச்சத்தத் திருப்பி அடிக்கும்டா, பாத்துப் போடு!" என்று அவர் கத்திக் கத்தித்தான் எங்கள் இயந்திரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. எவர்சில்வர் என்று வந்தால் மட்டும் மூளையைக் கழற்றிக் காந்தத்திடம் கொடுத்துவிடுவார்.

எங்கள் ஊர் அம்மன் கோயில் கமிட்டி, நன்கொடை கொடுத்த முந்நூறு பேரின் பெயரையும் தகட்டில் தனித்தனியாக வெட்டி வாசலில் மாட்டத் தீர்மானித்தது. கமிட்டியில் அண்ணனும் இருந்தார். பாதி விலைக்கு ஒரு கட்டுத் தகடு கொண்டுவந்து இறக்கினார்.

"பாரு, காந்தம் ஒட்டவே இல்ல!"

"அண்ணே, மட்டமான எவர்சில்வர்லயும்தான் ஒட்டாது. நம்ம ஊரு கடக்காத்துக்குத் தாங்கணுமே. சோதனை மருந்து ஒரு சொட்டு விட்டுப் பாத்துடலாம். சிவந்துச்சுன்னா மட்டம்."

"அம்மனுக்கு வாங்குன பொருள்ல மருந்து ஊத்திப் பாப்பியா? நாக்கு அழுகிடும்டா படுபாவி!"

நாக்கு எனக்கும் வேண்டியிருந்தது. வெட்டிவிட்டேன்.

அந்தத் தகட்டுக் கட்டுக்குள் நல்லதும் கெட்டதும் கலந்து கிடந்திருக்கிறது. வடகிழக்குக் காற்று உப்பை வாரி அடித்த முதல் மாதத்திலேயே சில பெயர்கள் துருப்பிடித்து ஒழுகின. மற்றவை பளபளத்தன. கோளாறு தகட்டில் என்று ஒருவன் சொல்ல வேண்டுமே! கமிட்டி, சாமியிடம் குறி கேட்கும் பிறைக்கட்டைகளை உருட்டி, "தாயே, மனசுல ஏதாவது வருத்தமா?" என்று கேட்டது. மூன்று தடவையும் ஆமாம் என்று விழுந்தது. அவ்வளவுதான், கள்ளப் பணம் யாருடையது என்று அம்மனே எழுதிக் காட்டிவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. நகரமன்ற உறுப்பினர் துருப்பிடித்த தம் பெயர்மேல் பெரிய பூமாலையாகப் போட்டு மறைத்துக்கொண்டார்.

மாலை போட வசதியில்லாதவள் ஆ-தாவ் அக்கா. கோயிலுக்கு எதிரே சிப்பி சேமியாக் கடை வைத்திருக்கும் விதவை. அவள் பெயர் மேலிருந்து கீழ்வரை ஒழுகியது. "அழுகுன சிப்பியப் போடுறாளாம்." "புருஷன் எப்படிச் செத்தான்னு யாருக்குத் தெரியும்?" வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார்கள். இரண்டு அண்டா சேமியா ஒன்றாயிற்று, பிறகு அரையாயிற்று. மூன்றாம் மாதம், இந்த மாதத்தோடு கடையை மூடப்போவதாக எழுதி ஒட்டிவிட்டாள்.

அந்த வாரம் பலகையில் என் பெயரிலும் ஒரு செம்புள்ளி வந்தது. உடனே எனக்குச் சோதனை மருந்து ஞாபகம் வந்துவிட்டது! அண்ணனைக் கையோடு இழுத்துப் போய் என் பெயரில் ஒரு சொட்டு விட்டேன், சிவந்தது. ஆ-தாவ் அக்கா பெயரில் விட்டேன், அதுவும் சிவந்தது. பளபளத்த அண்ணன் பெயரில் விட்டேன், சிவக்கவில்லை. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

எப்படியிருந்தாலும் ஆம்பளை. ஞாயிற்றுக்கிழமை பூசைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "அம்மன் யாரையும் காட்டிக் குடுக்கல. நான்தான் மட்டத் தகட்ட வாங்கித் தொலச்சேன்" என்று சொல்லி, எல்லார் முன்னாலும் மருந்தை விட்டுக் காட்டினார். "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று முதலில் கைதட்டியவர் நகரமன்ற உறுப்பினர்தான். அப்படி எதையும் அவர் சொன்னதில்லை.

ஆ-தாவ் அக்கா கரண்டியும் கையுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏன்யா தகட்டு வாத்தியாரே, எம்பேரு துருப்பிடிச்சப்போ தகடு மட்டம்னு ஒனக்குத் தோணவே இல்லையா?"

"இல்லக்கா."

"வேற என்ன தோணுச்சு?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "எல்லாருக்கும் தோணுனதுதான்."

"எங்கடையில சாப்புடுறத என்னைக்கு நிறுத்துன?"

"துரு வந்த அன்னைக்கே."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ?"

வெட்டும்போதே அந்தத் தகட்டைச் சந்தேகப்பட்டவன் நான்.

"மறுநாள்லேந்துக்கா" என்றேன்.