அருந்ததி அக்கா காலி செய்த அறை

1992இல், "இனிமே நம்ம ஆபீசுல காகிதமே இருக்காது" என்று மேனேஜர் அறிவித்தபோது எல்லோரும் திரும்பி அருந்ததி அக்காவைத்தான் பார்த்தோம்.

பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனி அது. மாடி முழுவதும் ஃபைல்கள். அந்த மாடிக்கு இருபத்திரண்டு வருடங்களாக அவர்தான் பொறுப்பு. எந்தக் கப்பல், எந்த வருடம் என்று சொன்னால் போதும்; ஏணியை நகர்த்தி வைத்து ஏறி, ஐந்து நிமிடத்தில் ஃபைலோடு இறங்கி வருவார். தும்மிக்கொண்டே வருவார். தூசி அவருக்கு ஆகாது. கைப்பையில் எப்போதும் இழுப்புக்கான மருந்து இருக்கும்.

மேனேஜர் ஷேக் அலாவுதீன் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், இளகிய மனம். கூட்டம் முடிந்ததும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். நான் பக்கத்து மேசை டைப்பிஸ்ட். பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது.

"வருத்தப்படாதீங்க அருந்ததி. உங்க மனசு எனக்குப் புரியுது. அந்த ஃபைலெல்லாம் உங்க பிள்ளைங்க மாதிரி."

"பிள்ளைங்களா?" என்றார் அக்கா. "இருபத்திரண்டு வருசமா அதோட தூசியைத் தின்னுக்கிட்டு இருக்கேன் சார். எப்பத் தொடங்கப் போறோம், அதைச் சொல்லுங்க."

கோலாலம்பூர் தலைமை ஆபீசிலிருந்து நோர்மா என்ற பெண் வந்தாள். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு சட்டம். ஏழு வருடத்துக்கு மேற்பட்டவை வெளியே போக வேண்டும். மற்றவற்றை ஸ்கேன் செய்துவிட்டு அவையும் போக வேண்டும். வந்த அன்றே, எந்த ஃபைலை யார் யார் எடுத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். அக்கா வைத்திருந்தார். தடித்த ஆறு பதிவேடுகள். இரண்டு பேரும் இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணினார்கள்.

மாடியில் இருந்தவை பதினோராயிரம் ஃபைல்கள். வைத்த நாளிலிருந்து ஒருமுறையாவது யாராவது கேட்டவை நானூற்றுச் சொச்சம்.

அக்கா முதலில் சிரித்தார். பிறகு பாத்ரூமுக்குப் போய் வெகுநேரம் கழித்து வந்தார். முகம் கழுவியிருந்தார்.

"அப்ப மத்ததையெல்லாம் யாருக்கு வச்சிருந்தேன், ஜெயா?" என்று என்னிடம் கேட்டார்.

ஆறு வாரத்தில் மாடி காலியானது. ஆபீசிலேயே முதலில் கம்ப்யூட்டரைத் தைரியமாகத் தொட்டவர் அவர்தான். இரண்டு விரலால்தான் தட்டுவார். ஆனால் எதை எந்தப் பெயரில் வைப்பது என்பதில் நோர்மாவுக்கே அவர்தான் கதி. "காக் அருந்ததி, இதை எங்கே போட?" என்று மலாயில் அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள்; 'காக்' என்றால் அக்கா. அந்த வாரங்களில் அக்காவின் தும்மல் நின்றுபோனதை நான் கவனித்தேன். அவரும் கவனித்திருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, "ஜெயா, ஞாயித்துக்கெழமை என் வீட்டுக்கு வர்றியா? ஒரு வேலை இருக்கு" என்றார்.

அன்றுதான் ஜெலுத்தோங்கில் இருந்த அந்த வரிசை வீட்டை முதல்முதலாகப் பார்த்தேன்.

அவருடைய அப்பா சிவகுருநாதன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பட்டர்வொர்த்தில் ரயில்வே கிளார்க்காக இருந்தவர். எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கார்பன் நகல் எடுத்து வைப்பவர். அக்காவுக்குப் பதினேழு வயதில் அம்மா இறந்துபோனார். தம்பி அம்பிகைபாகனுக்கு அப்போது ஒன்பது, தங்கை யோகலட்சுமிக்கு ஆறு. சமையல், பாடம், காய்ச்சல், பரீட்சைக் கட்டணம் என்று எல்லாம் அக்கா தலையில் விழுந்தது. தம்பி எஞ்சினியராகி பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனார். தங்கை நர்ஸாகி மெல்பர்னுக்குப் போனாள். போனபோது தங்கள் காகிதங்களை விட்டுப் போனார்கள். 1985இல் அப்பாவும் இறந்துபோனபின், அவருடைய அறை காகித அறையானது.

இரண்டு அறை வீடு. இன்னொரு அறை, தம்பி குடும்பத்தோடு வருடத்துக்கு மூன்று முறை வந்தால் தங்குவதற்கு. அக்கா ஹாலில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், மடக்குக் கட்டிலில் படுத்தார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது.

"ரெண்டு பேருக்கும் மூணு லெட்டர் போட்டாச்சு," என்றார். "மாசக் கடைசிக்குள்ள வந்து எடுத்துக்கன்னு. தங்கச்சி பதிலே போடல. தம்பி போன் பண்ணி, 'எதையும் தொடாதே அக்கா, நான் வந்து பாக்கிறேன்'னான். ஏழு வருசமா இதையேதான் சொல்றான்."

கதவைத் திறந்தார். தரையிலிருந்து என் தோள் உயரத்துக்குக் கட்டுகள். 1950களின் மின்சார பில்கள். சாக்கடை அடைத்துக்கொண்டதைப் பற்றி நகராட்சிக்கு எழுதிய நாற்பது கடிதங்களின் நகல்கள். கல்யாணப் பத்திரிகைகள், ஜாதகங்கள், தங்கையின் கணக்கு நோட்டுகள். ஜன்னலை மறைத்து ஒரு அலமாரி. அந்த அறைக்கு ஜன்னல் உண்டு என்பதே அதை நகர்த்தியபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருந்த என் வீட்டிலிருந்து ஃபெர்ரி பிடித்துப் போனேன். வேண்டியதை ஒரு பிஸ்கட் டின்னில் போடுவது, மற்றதைக் கட்டுவது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அலமாரியின் மேல்தட்டை இறக்கினோம். அதில் அப்பாவின் அழகான கையெழுத்தில் பெயர் எழுதிய ஃபைல்கள் இருந்தன. அம்பிகைபாகன் என்று ஆறு. யோகலட்சுமி என்று நான்கு.

"உங்களது எங்கக்கா?" என்று கேட்டேன்.

தேடினோம். இல்லை. கடைசியில் 'வீடு' என்று எழுதிய ஃபைலில், தண்ணீர் பில்லுக்கும் கூரை மாற்றிய ரசீதுக்கும் நடுவில் அக்காவின் பிறப்புப் பத்திரம் இருந்தது. கூடவே அவருடைய சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளி இறுதிச் சான்றிதழும் இருந்தது.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. இரண்டையும் எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்து டின்னில் வைத்தார். பிறகு போனருகே போய், பழைய பேப்பர் லாரிக்காரர் சுப்பையாவை அழைத்தார்.

"நாளைக்கு வேணாம் சுப்பையா. இப்பவே வாங்க. லாரி காலியா வரணும்."

லாரியில் பாதி ஏற்றியிருப்போம். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அம்பிகைபாகன். அன்று காலை அக்காவே போன் செய்து, இன்றைக்குள் வந்தால் உண்டு என்று சொல்லியிருந்தாராம். காரை அணைக்கக்கூட இல்லை, இறங்கி ஓடிவந்தார்.

"அக்கா! என்ன செய்றே நீ? இதெல்லாம் அப்பா கையெழுத்து!"

"ஆமா. எடுத்துட்டுப் போ. டிக்கியில இடம் இருக்கு."

"ஸில்லியா பேசாதே. எங்க வீட்டுல இதுக்கு ஏது இடம்? மூணு ரூம்தான் இருக்கு. பிள்ளைங்க வளர்றாங்க."

"இங்கயும் இடம் இல்ல தம்பி. நான் படுக்கணும்."

"நீ ஒரு ஆள்தானே அக்கா?"

கட்டைத் தூக்கிக்கொண்டிருந்த சுப்பையா அப்படியே நின்றுவிட்டார். நானும்தான். அந்த வார்த்தை வெளியே வந்ததும் தம்பிக்கே முகம் மாறியது.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "ஆமா, ஒரு ஆள்தான். அந்த ஒரு ஆளுக்கு ஒரு ரூம் வேணும். அப்பா கையெழுத்து வேணும்னா உன் பேரு போட்ட ஃபைல் ஆறு இருக்கு, கொண்டு போ. என் பேருல ஒண்ணுகூட இல்ல, அதனால எனக்குச் சுமையும் இல்ல. சுப்பையா, ஏன் நிக்கிறீங்க? ஏத்துங்க."

அம்பிகைபாகன் ஆறு ஃபைலையும் காரில் போட்டுக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். ஒன்றரை வருடம் பேசவில்லை.

அக்கா தவறே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். தங்கையின் கணக்கு நோட்டுகளுக்குள் அவளுடைய பள்ளிச் சான்றிதழ் ஒன்று செருகியிருந்திருக்கிறது. அதுவும் லாரியில் போய்விட்டது. ஐந்து மாதம் கழித்து யோகலட்சுமி மெல்பர்னிலிருந்து போன் செய்து கத்தினாளாம். அக்கா என்னிடம் சொன்னார்: "தப்பு என்னோடதுதான்னு ஒத்துக்கிட்டேன். இனி பள்ளிக்கூடத்துக்கு எழுதி வாங்கிக் கொடுன்னா. மாட்டேன்னுட்டேன். பேனாவும் கையும் அவளுக்கும் இருக்குல்ல?" அப்படிச் சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை. டிபன் கேரியரைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஆபீசிலும் ஒரு சோதனை வந்தது. மாடி காலியான அடுத்த மாதம், ஃபைல் இல்லாத இடத்தில் ஃபைல் கிளார்க் எதற்கு என்று தலைமை ஆபீஸ் கேட்டது. பட்டர்வொர்த் கிடங்கில் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கும் வேலைக்கு அவரை மாற்ற உத்தரவு. ஷேக் அலாவுதீன் கடிதத்தை நீட்டியபோது அக்கா கைநீட்டி வாங்கவில்லை.

"ஃபைலைத்தானே சார் தூக்கிப் போட்டீங்க. எது எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆளையுமா? நாளையிலேர்ந்து ரெண்டு நாள் லீவு எடுத்துக்கிறேன். அதுவரைக்கும் சமாளிச்சுப் பாருங்க."

உண்மையிலேயே இரண்டு நாள் வரவில்லை. முதல் நாளே ஒரு கப்பலின் சரக்குப் பட்டியலைத் தேடி நோர்மாவும் நானும் கம்ப்யூட்டர் முன்னால் திண்டாடினோம். எல்லாம் உள்ளேதான் இருந்தது, எந்தப் பெயரில் என்பதுதான் தெரியவில்லை. மறுநாள் மதியம் மேனேஜரே தலைமை ஆபீசுக்குப் போன் செய்து சத்தம் போட்டார். மூன்றாம் நாள் அக்கா வந்தபோது அந்தக் கடிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த மாதம் அவருடைய பதவியின் பெயர் 'ரெக்கார்ட்ஸ் ஆபீசர்' ஆனது.

ஜெலுத்தோங் வீட்டுக்கு அதற்குப் பிறகும் நான் போவேன். அந்த அறைக்கு அவர் இளம்பச்சை அடித்திருந்தார். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, திறந்த ஜன்னல். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தார். தனியாக இருக்கிற வீட்டில் தாழ்ப்பாள் எதற்கு என்று கேட்டேன். "எனக்குப் போடணும்னு தோணுச்சு, போட்டேன்" என்றார்.

தம்பி 1994 தீபாவளிக்கு வந்தார். சாப்பிட்டார், அந்த அறையை எட்டிப் பார்த்தார், "நல்ல காத்து வருது" என்றார். அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள் அதைப் பற்றி.

மறுவருடம் அக்காவின் இருபத்தைந்து வருடச் சேவைக்கு ஆபீசில் விருந்து வைத்தோம். ஷேக் அலாவுதீன் ஒரு கைக்கடிகாரமும், கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார். கடிகாரத்தை அக்கா அங்கேயே கையில் கட்டிக்கொண்டார். பத்திரத்தை நின்று முழுவதும் படித்தார். பிறகு சட்டத்தின் பின்பக்க ஆணிகளை நெம்பிக் காகிதத்தை உருவி நோர்மாவிடம் கொடுத்தார்.

"ஸ்கேன் பண்ணிடு," என்றார். "என் பேருலயே போடு."

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. நோர்மா எழுந்துபோய் இயந்திரத்தைப் போடும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.