ஐஸ் டிப்போ தெருவில் ஆள் எண்ணிய கதை

1. மூளையை வீட்டில் வை

புதிதாக சர்வே வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். வாக்கியம் எங்கேயாவது கோணியிருந்தால் நீங்களே நிமிர்த்திக்கொள்ளுங்கள். இதைப் படித்து யாருக்காவது கோபம் வருமோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. அது என் சுபாவம். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அப்படித்தான்.

அதற்கு முன்னால் மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் டேலி பார்த்துக்கொண்டிருந்தேன். லாரியில் வரும் பெட்டிகளை எண்ணுகிற வேலை. யார்டை மூடிவிட்டார்கள். எண்ணத் தெரியும் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, ஊருக்குப் பிளான் போட ஆய்வு செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன்.

பிளான் என்றால் வேறொன்றுமில்லை. ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கலர். வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், ஆலைகளுக்கு ஊதா. சும்மா அடித்துவிட முடியாது, ஆதாரம் வேண்டும். எங்கே வீடு போதவில்லை, எந்த ஆலை நிலம் பூட்டிக் கிடக்கிறது, எந்தத் தெருவுக்கு ஜனம் கடைக்கு வருகிறது என்று ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்து எழுத வேண்டும். வீட்டுக் கணக்குக்குப் போனவர்கள் கதவைத் தட்டித் திட்டு வாங்கினார்கள். எண்ணூரில் ஆலை நிலம் பார்க்கப் போனவர்களை நாய் துரத்தியது. எனக்குக் கடைத்தெரு கிடைத்தது. இருப்பதிலேயே சுலபம் என்றார்கள்.

எங்கள் சூப்பர்வைசர் பாஸ்கர் சார் கையில் ஒரு கிளிக்கரைக் கொடுத்தார். கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு எண் கூடும்.

"ரோட்டுக்குக் குறுக்க சுண்ணாம்புல ஒரு கோடு போடு. கோட்டைத் தாண்டி எவன் போனாலும் ஒரு அமுக்கு, எவன் வந்தாலும் ஒரு அமுக்கு. மூஞ்சியப் பாக்காத, எதுக்குப் போறேன்னு கேக்காத. மூளைய வூட்லயே வெச்சிட்டு வா. போன தபா வந்த ஆளு யோசிச்சான், டேட்டாவே நாசமாப் பூட்ச்சு."

யோசிக்காமல் இருக்க வேண்டுமே என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

2. கைக்குழந்தைக்கு ஒன்றா, அரையா

திருவொற்றியூரில் ஐஸ் டிப்போ தெரு. டிப்போ போய்ப் பல காலம் ஆகிறது, பேர் மட்டும் மிச்சம். ஒரு டீக்கடை, ஒரு சலூன், ஒரு பூக்கடை, ஒரு மளிகைக்கடை. நிழல் இருந்தது மேரி அக்காவின் டீக்கடை முன்னால்தான். அங்கேயே கோடு போட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் சந்தேகங்கள் ஆரம்பித்தன. இடுப்பில் குழந்தையோடு ஒரு அம்மா தாண்டினார். ஒரு அமுக்கா, இரண்டா? பாஸ்கர் சாருக்குப் போன் போட்டேன்.

"கொயந்த கடையில எதுனா வாங்குமா?"

"கை காட்டினா அம்மா வாங்கித் தருவாங்க சார்."

"ஒண்ணு அமுக்கு. போன வை."

அடுத்து ஒருவர் செல்போன் பேசிக்கொண்டே கோட்டின் இரண்டு பக்கமும் கால் அகட்டி நின்றுவிட்டார். தாண்டவும் இல்லை, தாண்டாமலும் இல்லை. மறுபடி போன் போட்டேன். "எந்தக் கால்ல வெயிட் போட்டுகினு நிக்கிறான்னு பாரு" என்றார் சார். குனிந்து பார்த்தேன். அவர் போனை நிறுத்திவிட்டு, "இன்னா மாமு, செருப்பு எடுக்கப் பாக்கிறியா?" என்று கேட்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மேரி அக்கா டீ ஆற்றியபடியே கேட்டார்.

"இன்னாத்த நைனா எண்ற?"

சொன்னேன். கூட்டம் இருந்தால் தெரு நீலம், இல்லாவிட்டால் மஞ்சள். அக்காவின் கை நின்றுவிட்டது. அவருடையது வாய்க்கால் மேல் தகரம் போட்ட கடை. மழைநீர் வடிகால் வேலை வந்தால் தகரம் போய்விடும். அதற்குள் பின்னால் இருக்கும் தன் வீட்டு முன்னறையை உடைத்து ஷட்டர் போட்டுக் கடையாக்க மனு கொடுத்திருக்கிறார். தெரு மஞ்சளாகிவிட்டால் அனுமதி கிடைக்காது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்களாம்.

"கடை இல்லேன்னா நான் இன்னா பண்ணுவேன்? இதுவரிக்கும் எத்தினி வந்துகீது?"

கிளிக்கரைக் காட்டினேன். அக்கா அதை வாங்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பழுது ஒன்றுமில்லை. தெருவில்தான் ஆள் இல்லை.

3. அது வெஹிகிள் கவுண்ட்

மதியத்துக்கு மேல் மேளச் சத்தம் கேட்டது. பக்கத்துத் தெருவில் கிரேன் முனுசாமி என்று ஒரு பெரியவர், ஹார்பரில் கிரேன் ஓட்டியவர், இறந்துபோயிருந்தார். பூ ஜோடித்த வண்டி, முன்னால் மேளம், அதற்கு முன்னால் ஆட்டம். தினம் அவர் மேரி அக்கா கடையில்தான் டீ குடிப்பாராம். அதனால் வண்டியைச் சரியாக என் கோட்டின் மேல் நிறுத்தினார்கள். அக்கா ஒரு கிளாஸ் டீ கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்துவிட்டு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாஸ்கர் சாருக்குப் போன் போட்டேன்.

"சார், டெட்பாடி கோட்டைத் தாண்டுது. அமுக்கலாமா?"

"நடந்தா போறாரு?"

"இல்ல சார். வண்டில."

"அப்ப அது வெஹிகிள் கவுண்ட். நம்ப டிபார்ட்மென்ட் இல்ல. வுட்ரு."

"ஆடுறவங்க சார்? ரெண்டடி முன்னால போறாங்க, மூணடி பின்னால வர்றாங்க. எல்லாம் கோட்டு மேலயே நடக்குது."

"தாண்டினா அமுக்கு. ரூல்னா ரூலு."

அமுக்கினேன். ஒருத்தர் தாண்டுவார், திரும்புவார், ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி தாண்டுவார். கட்டைவிரல் மரத்துப்போய் ஆள்காட்டி விரலுக்கு மாறினேன். அப்போது லுங்கியைத் தொடைக்கு மேல் கட்டிய ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா மாமு, எங்க மாமா பூட்டாருன்னு நாங்க ஆடிகினு கீறோம், நீ குந்திகினு மிஷினு அமுக்கினு கீற? வா இப்டி!"

ஸ்டூலோடு இழுத்துவிட்டார். வாழ்க்கையில் அன்றுதான் முதல் முறையாக ஆடினேன். கிளிக்கரை மட்டும் விடவில்லை. நான் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்கும் ஒன்று அமுக்கிக்கொண்டேன். ரூல் எல்லாருக்கும் பொதுதானே.

4. மேடத்தின் கிராஃப்

மறுநாள், வரைபடத்துக்குக் கலர் போடும் பிளானர் மேடம் கம்ப்யூட்டரில் கிராஃப் போட்டுப் பார்த்தார். ஐஸ் டிப்போ தெரு காலையில் தரையோடு கிடந்து, மதியம் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போயிருந்தது. பெரிய மார்க்கெட் தெருவெல்லாம் அதற்குக் கீழே.

"இந்த டைம்ல அங்க என்ன நடக்குது?"

பாஸ்கர் சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சாவு மேடம்" என்றேன்.

மேடம் தெருவுக்கே வந்துவிட்டார். நின்று பார்த்தார். ஒரு கோழி மட்டும் கோட்டைத் தாண்டியது. "சாவைக் கழிச்சிட்டா இங்க கூட்டமே இல்லையே" என்றார்.

"ஏன் மேடம் கயிக்கணும்?" மேரி அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். "சுடுகாட்டுக்கு இதான் வயி. எந்தச் சாவும் இங்க நின்னுட்டுத்தான் போவும். வர்றவன் டீ குடிக்கிறான், சோடா குடிக்கிறான், மால வாங்கறான், திரும்பி வர்றப்ப சேவிங் பண்ணிக்கிறான். எங்க யாவாரமே அதான். தீபாவளிக்கு வர்ற கூட்டத்த எண்ணுவீங்க, சாவுக்கு வர்றத எண்ண மாட்டீங்களா?"

மேடம் யோசித்தார். அவர் யோசிக்கலாம், அவர் மூளையோடு வந்திருந்தார்.

"ஒரு நாளை வெச்சு ஆதாரம்னு சொல்ல முடியாதும்மா. சனிக்கிழமை ரிப்போர்ட் முடியுது. அதுக்குள்ள இன்னொரு சாவு வந்து, அன்னைக்கும் இதே கூட்டம்னா ஏத்துக்கறேன். இல்லேன்னா மஞ்சள்தான்." என் பக்கம் திரும்பினார். "நீங்க தினம் வந்து உக்காந்து எண்ணுங்க."

5. காத்திருந்தது

தம்பிகளே, கரையில் படகுக்குக் காத்திருக்கலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். ஒரு தெருவில் ஸ்டூல் போட்டுச் சாவுக்குக் காத்திருந்து பாருங்கள்.

டீக்கடை பெஞ்சில் ஆறுமுகம் தாத்தா என்று ஒருவர் எந்நேரமும் இருமிக்கொண்டிருப்பார். அவர் இருமினால் தெருவே என்னைப் பார்க்கும். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

"இன்னா நைனா, எனக்கோசரம்தான் வெயிட்டிங்கா?"

"அய்யோ, இல்ல தாத்தா!"

"டபாய்க்காத. நான் பூட்டா தெருவுக்கு நீலக் கலர் தருவாங்களாமே? அத்த எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வாணாமா?"

சலூன்காரர் கத்தரிக்கோலோடு எட்டிப் பார்ப்பார். "தாத்தா, சனிக்கெயமைக்குள்ள டிசைட் பண்ணிக்கோ. அப்பால வேஸ்ட்டு."

எனக்குச் சாவுகிராக்கி என்று பெயர் வைத்தார்கள். திட்டுவதற்காக அல்ல, என் வேலைக்கு அவர்களுக்கு வேறு பெயர் தெரியவில்லை. அடுத்த தெருவிலிருந்து ஒருவர் தேடி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எங்க அம்மாவுக்கு சீரியஸாத்தான் இருந்துச்சு சார். ஆனா பொயச்சிக்கும்னு டாக்டரு சொல்ட்டாரு. மன்ச்சிக்கோங்க." நான் எழுந்து நின்று அவருக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டேன்.

ராத்திரி தூக்கமில்லை. ஒரு சாவு வேண்டும் என்று நினைத்தால் பாவம். வேண்டாம் என்று நினைத்தால் மேரி அக்காவின் கடை போய்விடும். கோயிலுக்குப் போனேன். சாமியிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஆனால் நாளுக்கு நாள் கிளிக்கரில் எண் ஏறிக்கொண்டிருந்தது. சாவுக்குக் காத்திருக்கும் ஆளைப் பார்க்க ஜனம் வர ஆரம்பித்திருந்தது. வந்தவர்கள் பார்த்துவிட்டுச் சும்மா போகவில்லை, டீ சொன்னார்கள். மேரி அக்கா பஜ்ஜி போட ஆரம்பித்தார். நான் மூஞ்சியைப் பார்க்கவில்லை, எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அமுக்கினேன்.

6. சனிக்கிழமை

சனிக்கிழமை காலை பெஞ்ச் காலியாக இருந்தது. ஆறுமுகம் தாத்தா இல்லை. வீட்டில் பூட்டு. போன் அடித்து அடித்து நின்றது.

விஷயம் பரவியது. தெரு நிறைய ஆள். பூக்கடை அம்மா ஒன்றும் பேசாமல் பெரிய மாலையாகக் கட்ட ஆரம்பித்தார். மேளக்காரர் ஒருவர் வந்து, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று தோளில் மேளத்தோடு நின்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, தெரு மஞ்சளாவே போவட்டும் அக்கா. தாத்தா வரட்டும்."

மேரி அக்கா முந்தானையில் மூக்கைச் சிந்தினார். "நானும் அத்தாண்டா வேண்டிகினு கீறேன். கடைய தள்ளுவண்டில வெச்சாவது பொயச்சிப்பேன்."

அப்போது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. கையில் டிபன் கேரியரோடு தாத்தா இறங்கினார். மாத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு மீன் குழம்பு சாப்பிடப் போயிருக்கிறார். போனை எடுத்துப்போக மறந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்ததும் பதறிப்போய்க் கேட்டார்.

"அய்ய, யாருடா பூட்டது?"

தெருவே கத்தியது. மேளக்காரர் தோளில் இருந்த மேளத்தை அடிக்க ஆரம்பித்தார். "எனக்குக் கட்ன மாலதான, எனக்கே போடு" என்று தாத்தா கழுத்தை நீட்டினார். லுங்கிக்காரர் எங்கிருந்தோ வந்து என் கையைப் பிடித்தார். அக்கா கடையில் பால் தீர்ந்து, மளிகைக்கடையில் வாங்கி, அங்கேயும் தீர்ந்தது. நான் ஆடிக்கொண்டே அமுக்கினேன், அழுதுகொண்டே அமுக்கினேன்.

சாயங்காலம் மேடம் எண்ணைப் பார்த்தார். "சாவு வந்துதா?"

"இல்ல மேடம். சாவல. அதுக்குத்தான் கூட்டம்."

எல்லாவற்றையும் சொன்னேன், நான் ஆடியதை, எனக்கே அமுக்கிக்கொண்டதைக்கூட. இதோடு வேலை போய்விட்டது என்று மனசுக்குள் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ண ஆரம்பித்தேன்.

"வந்தவங்க எதுவும் வாங்கினாங்களா?"

"தெருவுல பால் இல்ல மேடம் இப்போ."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. திரும்பியவர் என் ஆட்டத்தை மட்டும் கழித்துவிட்டார். "செத்தாலும் கூடுறாங்க, சாகலேன்னாலும் கூடுறாங்க. கூடினா வாங்குறாங்க. இது கடைத்தெருதான்" என்று சொல்லி நீலம் போட்டார்.

இத்தனை வருஷத்தில் நான் கற்றது இவ்வளவுதான். நீங்கள் தெருவை எண்ணுகிற நேரத்தில் தெருவும் உங்களை எண்ணிக்கொண்டிருக்கும். அதனால் எங்கே ஸ்டூல் போடுகிறீர்களோ அங்கே இருப்பவர்களிடம் எதற்கு எண்ணுகிறோம் என்று சொல்லிவிடுங்கள். சந்தேகம் வந்தால் சூப்பர்வைசருக்குப் போன் போடுங்கள், திட்டினாலும் போடுங்கள். மூளையை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை, அழுகை வந்தால் அடக்காதீர்கள்.

போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். மேரி அக்கா கடைக்கு இப்போது நீல ஷட்டர். உள்ளே பெஞ்சில் ஆறுமுகம் தாத்தா இருமிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, இன்னும் எனக்கோசரம்தான் சுத்திகினு கீறியா?"

"இல்ல தாத்தா, டீ குடிக்க வந்தேன்."

"அப்ப உனக்கு ஒண்ணு அமுக்கிக்கோ."

கோடு அழிந்து எவ்வளவோ காலம் ஆகிறது. இருந்தாலும் அது இருந்த இடத்தைத் தாண்டும்போது என் கட்டைவிரல் தானாக ஒரு முறை அமுங்கியது.