பேட்டரித் தட்டுக்கு அடியில்

பட்டறையில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிக்கப் வண்டிகளின் வயரிங் பழுதை அவர் முதலில் காதால்தான் பார்ப்பார். ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, கரண்டைத் திறந்துவிடும் ரிலேக்கள் இருக்கும் பெட்டிமேல் தலையைச் சாய்த்து, தூங்கும் குழந்தையின் மூச்சைக் கேட்பவர்போல நிற்பார். "ரிலே பேசுது, வயருதான் காதுல வாங்க மாட்டேங்குது" என்பார். மீட்டர் வைத்துப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

கடல் தாண்டி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒப்பந்தம் நாலு வருஷம். நடுவில் ஊருக்குப் போக வழியில்லை. வார விடுமுறையன்று மனைவியிடம் பேசுவார். ஆறு கட்டில் போட்ட அறை; ஆறு பேரும் ஒரே நேரத்தில் அவரவர் வீட்டோடு பேசுவார்கள். அந்தச் சந்தைக்கடைச் சத்தத்தில் மனசில் இருப்பது எப்படி வாய்க்கு வரும்? "அப்புறம்?" என்பார் இவர். "அப்புறம் நீங்கதான் சொல்லணும்" என்பாள் அவள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் வரிசைகட்டி வரும்.

ஊரில் அவருடைய பழைய பிக்கப் வண்டி இருந்தது. கிளம்பும்போது விற்றுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் மட்டும் மாட்டேன் என்று நின்றாள். ஓட்டக் கற்றுக்கொண்டு, நாற்றுப் பண்ணையில் செடிகளை ஏற்றி வீடு வீடாக இறக்கிக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. வேலை நாளில் வீட்டிலிருந்து போன் வருவதே இல்லை. கை கழுவாமலே எடுத்தார்.

"ஏங்க, வண்டி கிளம்ப மாட்டேங்குது. செடியெல்லாம் ஏத்தியாச்சு. இந்த வெயில்ல நின்னா வாடிப் போயிடும்."

போன உயிர் திரும்பி வந்தது. பட்டறை வாசலில் நின்ற ஒரு வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சாவி திருப்பினா என்ன ஆகுது?"

"டிக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒரு வாரமாவே இப்படித்தான். கொஞ்ச நேரம் விட்டுத் திருப்பினா எடுத்துக்கும். இன்னைக்கு ஒரேயடியா படுத்துடுச்சு."

"ஒரு வாரமாவா? ஏன் சொல்லல?"

"நீங்க அங்க இருந்துக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

அது சுருக்கென்று தைத்தது. காட்டிக்கொள்ளவில்லை. "பக்கத்துல யாரு இருக்கா?"

"நான்தான் மாமா!" என்றது இன்னொரு குரல். மச்சினி. "ஓட்டுநர் சீட்ல உக்காந்திருக்கேன். உங்க வண்டியை இன்னைக்கு நான்தான் கெடுக்கப் போறேன்."

"கெட்ட வண்டியை இனிமே எங்க கெடுக்கிறது? முதல்ல கியர் நியூட்ரல்ல இருக்கா பாரு. கைப்பிரேக்கைப் போடு. இப்ப ஹெட்லைட்டைப் போட்டுட்டுச் சாவியைத் திருப்பு. லைட்டு மங்குதான்னு அக்கா பாக்கட்டும்."

"மங்கலைங்க. அப்படியே பளிச்சுனு இருக்கு."

பேட்டரி நல்ல நிலையில்தான் இருக்கிறது. இஞ்சினைக் கிளப்பும் செல்ப் மோட்டாருக்குக் கரண்ட் போகவே இல்லை. போயிருந்தால் அந்த இழுப்பில் விளக்கு மங்கியிருக்கும். "பானெட்டைத் திற. பேட்டரி பக்கத்துல கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியை எடுத்துட்டுப் போனை அதுகிட்ட வை."

கண்ணை மூடிக்கொண்டார். போனில் முதலில் காற்று வந்தது. பிறகு எங்கோ தெருவில் ஒரு சைக்கிள் மணி. அவர் வீட்டு வாசல் இரும்புக் கதவு காற்றில் ஆடிக் கிறீச்சிட்டது. எண்ணெய் போட மறந்த கதவு. அவள் வளையல் பானெட்டில் உரசியது. மூன்று வருஷமாக யாரும் அவருக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. இதையெல்லாம் யார் போனில் சொல்வார்கள்?

"டிக்" என்றது ரிலே.

"கேட்டுச்சா?"

நன்றாகவே கேட்டிருந்தது. "இன்னொரு தடவை" என்றார்.

ஹாரன் ரிலேயும் அதே அளவுதான். அதைப் பிடுங்கி இதன் இடத்தில் போடச் சொன்னார். அப்போதும் அதே டிக். ஆக, ரிலேயில் குற்றமில்லை. பிறகு டெஸ்ட் லேம்ப், கரண்ட் இருந்தால் எரியும் சின்ன விளக்கு. அவள் அலமாரியிலிருந்து எடுத்து வந்து, கிளிப்பைப் பேட்டரியின் மைனஸில் மாட்டினாள். ரிலேயிலிருந்து மோட்டாருக்குப் போகும் சிவப்பு வயரின் தொடக்கத்தில் முனையை வைத்தாள். மச்சினி சாவியைத் திருப்பினாள்.

"எரியுது!"

"அதே வயரு மோட்டார்ல போய்ச் சேர்ற இடத்துல வை."

"இங்க எரியலைங்க. அப்படின்னா நடுவுலதான் எங்கேயோ அறுந்திருக்கு, இல்ல?"

அவர் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள். அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. பழுது இவ்வளவு சீக்கிரம் அகப்பட்டிருக்க வேண்டாம்.

"வயரை விரலால தடவிக்கிட்டே போ."

"பேட்டரித் தட்டுக்கு அடியில ஒரு முடிச்சு மாதிரி இருக்கு. டேப் சுத்தியிருக்கு."

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் போட்ட இணைப்பு அது. ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டிய இடம். வெறுமனே முறுக்கி, டேப்பைச் சுற்றிவிட்டு எழுந்து போயிருந்தார். அடுத்தவன் அப்படிச் செய்திருந்தால் நாள் முழுக்கத் திட்டியிருப்பார்.

"பிரிச்சேங்க. செம்பெல்லாம் பச்சையாப் பூத்துப் போயிருக்கு. தொட்டதும் உதிருது."

"என் வேலைதான் அது."

"தெரியும்" என்றாள். "நீங்க இதைப் பண்ணிக்கிட்டிருந்தப்போ நான்தான் கூப்பிட்டேன். நாளைக்கு இந்நேரம் இருக்க மாட்டீங்க, வண்டியையே கட்டிக்கிட்டு அழுறீங்களேன்னு கத்தினேன். எல்லாத்தையும் போட்டுட்டு உள்ள வந்தீங்க."

"பத்து நிமிஷம் இருந்து பத்த வச்சிருக்கணும்."

"வேணாம். அந்தப் பத்து நிமிஷத்தை எனக்குக் கொடுத்தீங்க. அது நல்லா இருந்துச்சு. வயரு கெட்டா கெட்டுட்டுப் போகுது."

"அக்கா, நான் இங்கதான் இருக்கேன், ஞாபகம் இருக்கா?" என்றாள் மச்சினி.

மூவரும் சிரித்தார்கள். சிரிப்புக்குள் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொன்னார். பச்சைப் பூத்த பகுதியை வெட்டி, பளபளக்கும் செம்பு தெரியும்வரை சீவி, நடுவில் புதுத் துண்டு வைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தாள் அவள். கை சுட்டுக்கொண்டு "ஸ்" என்றாள். இங்கே இவர் விரலை உதறினார். பேட்டரியை மறுபடி மாட்டியதும், முதல் சாவியிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"நான் வரேங்க, நேரமாச்சு" என்று போனை வண்டியில் வைத்தவள் துண்டிக்க மறந்துவிட்டாள். அவரும் துண்டிக்கவில்லை. ஒன்றாம் கியர், இரண்டாம் கியர். வேகத்தடையில் செடித் தொட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மூன்றாவது கியருக்கு அவள் கொஞ்சம் தாமதிக்கிறாள் என்று தோன்றியது. தன் முன்னால் இருந்த அசையாத ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, போர்மேன் கண்ணாடியைத் தட்டும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி ஒரு தாள் வந்தது. சம்பளம் கூட. முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மீதி நாளைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டி முடித்து ஊர் திரும்பினார்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பட்டறை வைத்தார். அவள் செடி ஏற்றுவதை விடவில்லை. இவர் எழுவதற்கு முன்னால் அவள் வண்டி கிளம்பிவிடும். அவள் திரும்பும் நேரத்தில் இவர் யாராவது ஒருவருடைய வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். ஒரே கூரையின் கீழ்தான் இருந்தார்கள். இருந்தும் அந்த ஒரு மதியம் பேசியதுபோல வாரம் முழுக்கப் பேசுவதில்லை. அப்படி ஒரு நாள் மறுபடி வாய்க்காதா என்று அவருக்கு ஏக்கமாக இருக்கும். பக்கத்தில் இருப்பவளுக்காக ஏங்குகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்ல?

ஒரு நாள் காலை, வேலை ஓடாமல் அவள் எண்ணை அழுத்தினார்.

"என்னங்க? ஏதாவது அவசரமா?"

"ஒண்ணுமில்ல. வண்டி சத்தம் கேக்கணும்போல இருந்துச்சு."

"வண்டி சத்தமா?" அவள் சிரித்தது கேட்டது. பிறகு வண்டியை ஓரங்கட்டும் சத்தம். இஞ்சினை நிறுத்திவிட்டாள். "இப்ப சொல்லுங்க. நிழல்லதான் நிக்கிறேன். செடி ஒண்ணும் வாடாது."